எகிப்தியரிடம் நாசர் பேச்சை எடுத்திருக்கிறீர்களா? உங்கள் அனுபவம்

ஜித்தாவாசி:
வளைகுடாவில் எகிப்தியர் இல்லாத ஆபீஸைக் காட்டுவது கஷ்டம். அக்கவுண்டன்ட், சைட் இன்ஜினியர், மருந்துக்கடைக்காரர் என்று யாராவது ஒருவர் இருப்பார். அவரிடம் எகிப்தின் பழைய அதிபர் கமால் அப்துல் நாசர் பேச்சை எடுத்துப் பாருங்கள். அரசியல் வரும் என்று காத்திருப்போம், தாத்தா கதைதான் வரும்.

எங்கள் சைட்டில் இரண்டு பேர். ஒருவர் டெல்டாவில் மன்சூரா பக்கத்துக்காரர். 1952 செப்டம்பரில் வந்த நிலச் சீர்திருத்தச் சட்டம், ஒருவர் 200 ஃபெத்தானுக்கு மேல் வைத்துக்கொள்ளக் கூடாது என்றது. ஒரு ஃபெத்தான் என்றால் நம் ஒரு ஏக்கருக்குக் கொஞ்சம் கூட. பண்ணையாரிடம் குத்தகைக்கு இருந்த இவருடைய தாத்தாவுக்கு அதில் மூன்று ஃபெத்தான், தவணை முறையில் கிடைத்தது. அப்பா பள்ளிக்கூடம் போனதும், இவர் இலவசமாக இன்ஜினியரிங் படித்ததும் அதற்கப்புறம்தான். நாசரை ஒரு வார்த்தை குறைத்துப் பேச விடமாட்டார்.

இன்னொருவர் அலெக்சாண்ட்ரியா. தாத்தாவின் பஞ்சு ஜின்னிங் மில் 1961 தேசியமயமாக்கலில் போய்விட்டது. இவர் வாயில் நாசர் பெயரே வராது, "அந்த கர்னல்" என்பார். காலையில் இரண்டு பேரும் ஒரே கிண்ணத்து ஃபூலில்தான் (அவரைப் பருப்பு மசியல்) ரொட்டியைத் தொட்டுச் சாப்பிடுவார்கள். பச்சை வெங்காயத்தைக் கையாலேயே உடைத்து ஆளுக்குப் பாதி. சண்டை தொடங்குவதும் அங்கேதான். உங்கள் பக்கம் எப்படி?

கடலோடி:
நான் கப்பல்காரன். சூயஸ் கால்வாயில் நுழைந்ததும் கப்பலுக்கு வழிகாட்டும் பைலட் ஏறுவார், இஸ்மாயிலியாவில் ஆள் மாறும். கயிறு கட்டும் படகுக்காரர்கள் டெக்கில் பாப்பிரஸ் படங்களையும் பித்தளைப் பிரமிடுகளையும் பரப்பிவிடுவார்கள். ஒருமுறை ஓய்வு பெறும் வயதில் ஒரு பைலட் வந்தார். பிரிட்ஜில் நின்று, கிளாஸில் கால்வாசிக்குச் சர்க்கரை போட்ட டீயைக் குடித்துக்கொண்டே, நாசர் கால்வாயை நாட்டுடைமையாக்கிய 1956 கதையைச் சொன்னார். ஜூலை 26-ம் தேதி அலெக்சாண்ட்ரியாவின் மன்ஷியா சதுக்கத்தில் நாசர் பேசுகிறார். பேச்சில் கால்வாயை வெட்டிய பிரெஞ்சுக்காரர் டி லெசப்ஸ் பெயர் வந்ததும் நாசரின் ஆட்கள் கால்வாய்க் கம்பெனி அலுவலகங்களுக்குள் புகுந்துவிட வேண்டும், அதுதான் சங்கேதம். செப்டம்பரில் வெளிநாட்டு பைலட்டுகள் கூட்டமாக வேலையை விட்டுப் போனார்கள். கால்வாய் படுத்துவிடும் என்று லண்டனும் பாரிசும் காத்திருந்தன. படுக்கவில்லை. அன்று கப்பலோட்டியவர்களில் இவருடைய மாமாவும் ஒருவராம். சொல்லும்போது மனிதர் ஓர் அங்குலம் உயர்ந்துதான் போனார்.

நான் சும்மா இருந்திருக்கலாம், இஸ்ரேலிடம் எகிப்து தோற்ற 1967 போரைக் கேட்டு வைத்தேன். அந்த ஜூனில் மூடிய கால்வாய் திறந்தது 1975 ஜூனில். 14 கப்பல்கள் கால்வாய் வழியில் உள்ள கிரேட் பிட்டர் ஏரியிலேயே எட்டு வருடம் மாட்டிக் கிடந்தன. அவர் கிளாஸை வைத்துவிட்டு, சுக்கான் பிடித்த பையனுக்கு அடுத்த கோர்ஸைச் சொன்னார். அத்தோடு பேச்சு முடிந்தது.

போர்ட் சயீதில் இறங்கினால் டி லெசப்ஸ் சிலை நின்ற பீடத்தைப் பாருங்கள். 1956 டிசம்பரில் சிலையை வெடிவைத்துத் தள்ளினார்கள். பீடம் மட்டும் இருக்கிறது.

நைல்கரை:
நிலம் கிடைத்தவர், மில் போனவர் இரண்டிலும் சேராத ஆட்கள் அஸ்வானில் இருக்கிறார்கள். 1960-ல் தொடங்கி 1970-ல் முடித்த பெரிய அணைக்காக, 1963-64-ல் அந்தப் பகுதியின் பழங்குடியான நூபியர்கள் சுமார் 50,000 பேரை கோம் ஓம்போ பக்கம் குடியேற்றினார்கள். எங்களைப் படகில் அழைத்துப்போனவர் அங்கே பிறந்தவர். ஆற்றங்கரையிலேயே வாழ்ந்தவர்களை ஆற்றை விட்டுத் தள்ளி உட்கார வைத்துவிட்டார்கள், பல வீடுகள் கட்டி முடிக்கப்படவே இல்லை என்றார். பேரீச்ச மரங்கள் எல்லாம் தண்ணீருக்கடியில். அந்த ஏரிக்கு நாசர் பெயர். கோபமா என்று கேட்டேன். "கரண்ட் வந்தது, பஞ்சம் வரவில்லை. அணை தேவைதான். எங்களை ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்" என்றார். எனக்கு இந்த மூவரில் இவர் பேச்சுதான் நியாயமாகப் படுகிறது.

அஸ்ஹர் மாணவன்:
கெய்ரோவில் வாடகைப் பிரச்சினையையும் சேர்த்துக்கொள்ளுங்கள். நாசர் காலத்துச் சட்டங்களால் பழைய ஒப்பந்தங்களில் வாடகை அப்படியே உறைந்து, பிள்ளைகளுக்கும் கைமாறி வந்தது. நான் இருந்த கட்டடத்தில் மேல்மாடிக் குடும்பம் கொடுத்த மாத வாடகைக்கு ஒரு வேளைச் சாப்பாடு வராது. வீட்டுக்காரர் படியேறும்போதெல்லாம் நாசரைத் திட்டிக்கொண்டே ஏறுவார், மேல்மாடிப் பாட்டி நாசருக்கு துஆ செய்வார். 2025-ல் வந்த சட்டப்படி குடியிருப்புகளின் பழைய ஒப்பந்தங்களுக்கு அதிலிருந்து ஏழு வருட அவகாசம்தான். அதற்கப்புறம் பாட்டி வீட்டார் எங்கே போவார்கள் என்று யாருக்கும் தெரியவில்லை.

ஜித்தாவாசி:
மில்காரரிடம் இதையெல்லாம் சொன்னேன். சிரித்துவிட்டு, அதுவரை சொல்லாத ஒன்றைச் சொன்னார். 1967 ஜூன் 9, தோல்விக்குப் பொறுப்பேற்றுப் பதவி விலகுவதாக நாசர் டிவியில் அறிவித்த இரவு. போகாதே என்று கத்திக்கொண்டு தெருவுக்கு ஓடியவர்களில் இவருடைய அப்பாவும் ஒருவர். அப்போது காலேஜ் பையன். மில்லைப் பறிகொடுத்த தாத்தா ரொம்ப நாள் மகனிடம் பேசவே இல்லையாம்.