புதுப்பிப்பு: ஜிம்மி ஸ்பியர்ஸ் இழையில் ஒரு திருத்தம், கொஞ்சம் கூடுதல் தகவல்

போன வாரம் எழுதிய இழையில், இங்கிலாந்தின் கால்பந்துக் கோப்பையான எஃப்.ஏ. கோப்பையை 1911இல் பிராட்ஃபோர்டு சிட்டி அணிக்கு வென்று தந்த கோலை அதன் வீரர் ஸ்பியர்ஸ் லண்டன் கிறிஸ்டல் பேலஸில் அடித்தார் என்று சொல்லியிருந்தேன். தப்பு என்னுடையதுதான். அங்கே நியூகாசில் அணியுடன் ஆடிய இறுதி ஆட்டம் 0-0. நான்கு நாள் கழித்து, ஏப்ரல் 26 அன்று, மான்செஸ்டரின் ஓல்டு டிராஃபோர்டில் நடந்த மறு ஆட்டத்தில்தான் அந்தக் கோல் விழுந்தது. பதினைந்தாவது நிமிடம், தலையால் முட்டியது. கேப்டனும் அவரே.

அந்தக் கோப்பை அந்த ஆண்டுதான் புதிதாகச் செய்யப்பட்டது. செய்ததும் பிராட்ஃபோர்டு பட்டறைதான்! ஊர்ப் பொருள் ஊருக்கே திரும்பியது. அணியில் எட்டுப் பேர் ஸ்காட்லாந்துக்காரர்கள் என்பது வேறு கதை.

அப்புறம், அதற்கு முன்னும் பின்னும் என்ன ஆனது என்று கேட்டிருந்தீர்கள். ஸ்பியர்ஸ் ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோவில் உள்ள கோவன் பகுதிப் பையன். ரேஞ்சர்ஸ், கிளைடு அணிகளில் ஆடிவிட்டு 1909இல் பிராட்ஃபோர்டு வந்தார். ஸ்காட்லாந்துக்காக ஆடியது ஒரே ஒரு ஆட்டம், 1908இல் வேல்ஸுக்கு எதிராக. எனக்கு இது அநியாயமாகவே படுகிறது. 1912 கடைசியில் லீட்ஸ் சிட்டிக்குப் போனார்.

முதல் உலகப் போரின்போது, 1915இல், பிரிட்டிஷ் ராணுவத்தின் கேமரன் ஹைலேண்டர்ஸ் படைப்பிரிவில் தானாகச் சேர்ந்தார். சார்ஜென்ட் ஆனார், வீரத்துக்கான மிலிட்டரி மெடல் வாங்கினார். 1917 ஆகஸ்ட் 20, பெல்ஜியத்தில் பாஷண்டேல் போரில் இறந்தார். வயது 31.