அம்மாவின் வயிற்று உப்புசம்: அக்குபிரஷர் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்

எல்லாருக்கும் வணக்கம். அம்மாவுக்கு அறுபது தாண்டிவிட்டது. ராத்திரி சாப்பிட்டால் வயிறு கல் மாதிரி உப்பிக்கொள்கிறது. ஸ்கேன், எண்டோஸ்கோபி எல்லாம் எடுத்தாயிற்று, பயப்பட ஒன்றுமில்லை என்றார் டாக்டர். ஓமத் தண்ணீர், பெருங்காயம் எல்லாம் கொஞ்ச நேரம்தான் கேட்கிறது.

தெரிந்த அக்கா ஒருவர் வயிற்றில் அழுத்தும் புள்ளிகளைக் காட்டினார். தொப்புளுக்கும் நெஞ்செலும்பின் கீழ்நுனிக்கும் சரி நடுவில் ஒன்று, சீன முறையில் அந்தப் புள்ளிக்கு சிவி 12 என்று பெயர். தொப்புளுக்கு இரு பக்கமும் அவரவர் கட்டைவிரல் அகலத்தில் இரண்டு தள்ளி எஸ்டி 25. சாப்பிட்ட உடனே கூடாதாம், மூச்சை விடும்போது மெதுவாக அழுத்தணுமாம். பிறகு பெருங்குடல் போகும் திசையில், வலது அடிவயிற்றிலிருந்து மேலே ஏறி, குறுக்கே போய், இடது பக்கம் இறங்குகிற மாதிரி தடவச் சொன்னார். லேசாகத் தடவிவிட்டாலே அம்மா நிம்மதியாகத் தூங்குகிறார்.

என் கவலை அழுத்துவதில்தான். சில வருடங்களுக்கு முன் தொப்புள் குடலிறக்கத்துக்கு ஆபரேஷன் செய்து, உள்ளே தாங்கலுக்கு வலை (மெஷ்) வைத்திருக்கிறார்கள். அதன் பக்கத்தில் விரலால் அழுத்தலாமா? ஆபரேஷன் செய்த டாக்டரிடம் கேட்காமல் அழுத்தப்போவதில்லை. அதுவரை முழங்காலுக்குக் கீழே இருக்கும் எஸ்டி 36, மணிக்கட்டுக்கு மூன்று விரல் மேலே உள்பக்கம் இருக்கும் பிசி 6, இவை மட்டும் செய்து யாருக்காவது உப்புசம் குறைந்திருக்கிறதா?

பிசியோதெரபி, இயற்கை மருத்துவம் படித்தவர்கள் தயவுசெய்து பதில் போடுங்கள். சென்னை அரும்பாக்கம் அரசு யோகா, இயற்கை மருத்துவக் கல்லூரியில் காட்டியவர்கள் இருந்தால், வயதானவர்களைக் கூட்டிப்போக எந்த நேரம் வசதி என்றும் எழுதுங்கள்.