மேடவாக்கத்தில் வீடு: இப்போதே வாங்கவா, ஒரு வருடம் பொறுக்கவா?

எல்லோருக்கும் வணக்கம். ஒரு முடிவெடுக்க முடியாமல் தவிக்கிறேன். சென்னை மேடவாக்கத்தில் 9 வருடப் பழைய டபுள் பெட்ரூம் ஃபிளாட் ஒன்று 72 லட்சத்துக்கு வந்திருக்கிறது. முத்திரைத்தாள், பதிவுக் கட்டணம் 9 சதவீதம் என்றால் அதற்கே ஆறரை லட்சம். இப்போது கொடுக்கும் வாடகை 22,000.

வட்டி இன்னும் இறங்கட்டும் என்கிறார் மாமனார். 2025 பிப்ரவரியிலிருந்து ஜூனுக்குள் ரெப்போ (ரிசர்வ் வங்கி மற்ற வங்கிகளுக்குக் கடன் கொடுக்கும் வட்டி) 6.5 சதவீதத்திலிருந்து 5.5க்கு வந்ததைப் பார்த்தவர். கணக்குப் போட்டேன்: 50 லட்சம் கடன், 20 வருடம், எட்டரை சதவீதத்தில் இஎம்ஐ சுமார் 43,400, ஏழரையில் 40,300. மிதக்கும் வட்டியில், அதாவது ரெப்போவோடு ஏறி இறங்கும் வட்டியில் எடுத்தால் பின்னால் குறைவது நமக்கும் குறையத்தானே செய்யும்? அதனால் வட்டிக்காகக் காத்திருப்பதில் எனக்கு நம்பிக்கை இல்லை.

என் பயமெல்லாம் இரண்டு. மெட்ரோ வருகிறது என்று சொல்லி விலையை ஏற்கெனவே ஏற்றிவிட்டார்களா? அடுத்தது தண்ணீர். கார் நிறுத்தும் இடத்தில் தூண்களுக்கு முழங்கால் உயரம் வரை மட்டும் புதுப் பெயின்ட். 2023 டிசம்பர் மழையில் தண்ணீர் ஏறியதா என்று கேட்டேன். புரோக்கர் சிரித்துக்கொண்டே மொட்டை மாடியைக் காட்டக் கூட்டிப்போய்விட்டார்!

புதிதாகக் கட்டும் ஃபிளாட் என்றால் 5 சதவீத ஜிஎஸ்டி, அப்புறம் சாவி கைக்கு வரும்வரை வாடகையும் இஎம்ஐயும் சேர்ந்து ஓடும். அது வேண்டாம் என்று தோன்றுகிறது.

அந்தப் பக்கம் குடியிருப்பவர்கள், சமீபத்தில் வாங்கியவர்கள் சொல்லுங்கள்: விலை எவ்வளவு பேசிக் குறைத்தீர்கள்? வெள்ளம் வந்த தெருவா என்று யாரிடம் விசாரித்தீர்கள்? ஞாயிற்றுக்கிழமைக்குள் அட்வான்ஸ் கேட்கிறார்கள்.