ஃபியூஸ் கருகிப்போயிருக்கு மாமா

அண்ணன்: பரண்ல இருந்த 21 இன்ச் பெட்டி டிவிய இறக்கியாச்சு. ஆன் ஆகல. சிவப்பு லைட்டுகூட இல்ல. பிளக் போட்டதும் உள்ள ஒரு 'பட்', அவ்ளோதான்

அண்ணன்: சனிக்கிழமை பசங்க வராங்க. அந்தத் துப்பாக்கி வெச்ச வீடியோ கேமுக்கு இது வேணும்

சித்தப்பா: புது டிவில போட்டு விடு

சின்ன மாமா: படம் வரும், துப்பாக்கி வேலை செய்யாது. சுடறப்ப திரை ஒரு நொடித்துளி கருத்து, குறி மட்டும் வெள்ளையா வரும். அந்த வெளிச்சத்த துப்பாக்கி அந்தக் கணத்துலயே பாக்கணும். தட்டை டிவி படத்த உள்ள வாங்கி, சரிபண்ணி, கொஞ்சம் தாமதமாத்தான் காட்டும். பெட்டி டிவில தாமதமே கிடையாது

அத்தை: இது அப்பா வாங்கின டிவிதானே?

அத்தை: நான் கேட்டப்ப தூக்கிப் போட்டாச்சுன்னு சொன்னீங்க

பெரியப்பா: ரெண்டு தட்டு தட்டு வரும்

அம்மா: யாரும் தட்ட வேணாம். மெக்கானிக்க கூப்பிடு

அண்ணன்: பின்மூடி கழட்டிட்டேன் மாமா

சின்ன மாமா: டேய் மாப்ள கைய எடு. பிளக்க புடுங்கி எல்லாரும் பாக்குற மாதிரி மேசை மேல வெச்சியா?

அண்ணன்: இப்ப வெச்சிட்டேன்

சின்ன மாமா: சரி, கேளு. ரெண்டு இடத்துல உயிருக்கு ஆபத்து. ஒண்ணு பிக்சர் டியூப். மேல ரப்பர் தொப்பி ஒட்டியிருக்கு பாரு, அங்க ஓடுறப்ப 25,000 வோல்ட் வாக்குல இருக்கும். டியூப் கண்ணாடியே ஒரு கெபாசிட்டர், பிளக்க எடுத்தும் சார்ஜ் நிக்கும். ரெண்டாவது பவர் சப்ளைல இருக்க பெரிய கெபாசிட்டர். 400 வோல்ட்னு போட்டிருக்கும். வீட்டு கரண்ட் 230ன்னா, அந்த ஏசியோட உச்சம் 325, அதுதான் இதுல நிக்கும். டியூப விட இத நினைச்சாதான் எனக்கு பயம், ஏன்னா ஃபியூஸ் போனா இது காலியாயிருக்கும்னு எல்லாரும் நினைச்சுக்கறாங்க

சித்தி: 🙏🌸 இனிய காலை வணக்கம் 🌸🙏

சின்ன மாமா: முதல்ல டியூப். பிளாஸ்டிக் பிடி போட்ட தட்டை ஸ்க்ரூடிரைவர் எடு. அதோட கம்பியில ஒரு ஒயர இறுக்கிச் சுத்து. ஒயரோட மறுமுனைய டியூப் முதுகுல ஓடுற பின்னல் கம்பியில கிளிப் போடு. சர்க்யூட் போர்டுல எங்கயும் போடாதே, ஐசி போயிடும். ஒரு கைய முதுகுக்குப் பின்னால வெச்சுக்கோ. ஸ்க்ரூடிரைவர ரப்பருக்குள்ள நழுவவிட்டு உள்ள இருக்க கம்பிக் கொக்கியில படவை. சத்தம் வந்தாலும் வராட்டியும் அஞ்சு நிமிஷம் கழிச்சு மறுபடி ஒரு தடவை. கண்ணாடில மிச்சம் ஒட்டியிருக்க சார்ஜ் திரும்ப ஊறி வரும்

சின்ன மாமா: டியூப் கழுத்துல இடிச்சிடாத. உள்ள வெற்றிடம். கழுத்து கண்ணாடி மெல்லிசு

அம்மா: தம்பி நீயே நேர்ல வாயேன்

சின்ன மாமா: ஞாயித்துக்கிழமைதான்கா வரமுடியும்

அண்ணன்: டியூப் ரெண்டு தடவை பண்ணியாச்சு. சத்தம் வரல

சின்ன மாமா: சரி. இப்ப கெபாசிட்டர். மீட்டர் டிசி 1000 வோல்ட்டுல வெச்சு ரெண்டு காலுக்கும் நடுவுல பாரு

அண்ணன்: 290!!

அம்மா: கடவுளே

சின்ன மாமா: இதுக்குத்தான் சொன்னேன். ஃபியூஸ் போற நேரத்துக்குள்ள அது நிறைஞ்சிருக்கு. உள்ள பவர் சப்ளை ஓடலைன்னா அது லேசுல இறங்காது. ஸ்க்ரூடிரைவரால ஷார்ட் பண்ணாத, பொறி பறந்து முனையே உருகிடும். 2.2 கிலோ ஓம், 10 வாட் ரெசிஸ்டர் இருக்கா? ரெண்டு பக்கமும் ஒயர் வெச்சு, டேப் சுத்தி, அஞ்சு செகண்ட் தொட்டுப் புடி

சித்தப்பா: அவ்ளோ ரெசிஸ்டர்லாம் எதுக்கு, பழைய குண்டு பல்ப வெச்சே இறக்கலாம்

சின்ன மாமா: பல்பும் சரிதான். ஆனா முடிஞ்சதும் மீட்டர்ல பாக்கணும். 10 வோல்ட்டுக்குக் கீழ வந்தாத்தான் கை வைக்கணும்

அண்ணன்: 3 வோல்ட்

அண்ணன்: (படம்)

சின்ன மாமா: ஃபியூஸ் கண்ணாடி உள்பக்கம் கருப்பு, வெள்ளிப் பூச்சு வேற. அது வயசாகி அறுந்த ஃபியூஸ் இல்ல. அப்படி அறுந்தா கண்ணாடி தெளிவா இருக்கும், நடுவுல கம்பி மட்டும் விட்டிருக்கும். இது நேரடி ஷார்ட். புதுசு போட்டா அதுவும் போகும்

சித்தப்பா: கொஞ்சம் கனமான கம்பி போட்டுப் பாத்தா எங்க புகையுதுன்னு தெரிஞ்சிடும்ல

சின்ன மாமா: வேண்டவே வேண்டாம். புகையோட போர்டு தகடும் எரியும், வீடும் எரியும். ஹோல்டர் பக்கத்துலயே T3.15A 250Vன்னு அச்சடிச்சிருக்கும், அதேதான் போடணும். T-ன்னா மெதுவா அறுற வகை. ஆன் பண்ற முதல் நொடி இந்த டிவி ரொம்ப இழுக்கும், வேகமா அறுறது தாங்காது

சித்தப்பா: இந்தச் செய்தி நீக்கப்பட்டது

அத்தை: என்ன நீக்கினீங்க?

சின்ன மாமா: மாப்ள, ஷார்ட் ஆக நாலு சந்தேகம். பிரிட்ஜ் டயோடு (ஏசிய டிசியா மாத்துற நாலு டயோடு), பெரிய கெபாசிட்டர், ஹீட் சிங்க்ல மாட்டியிருக்க பவர் டிரான்சிஸ்டர் இல்ல ஐசி, அப்பறம் பாசிஸ்டர். டயோடு நாலையும் டயோடு மோடுல பாரு. ஒரு திசைல 0.5, 0.6 வரணும், மாத்திப் பிடிச்சா ஏறணும். ரெண்டு பக்கமும் பூஜ்ஜியம்னா அது போச்சு. ஆனா போர்டுல இருக்கறப்ப ஒண்ணு ஷார்ட்டுன்னா பக்கத்துல இருக்கறதும் அப்படித்தான் காட்டும், ஒரு காலத் தூக்கிப் பாக்கணும்

பெரியப்பா: தம்பி அந்த டிவில தட்டுனா படம் வரும், நான் பொய் சொல்லல

அண்ணன்: நாலு டயோடும் நல்லாருக்கு. டிரான்சிஸ்டரும் ஷார்ட் இல்ல. கெபாசிட்டர்ல ஓம் காட்டி மெல்ல ஏறுது

சின்ன மாமா: அருமை. அப்ப பாசிஸ்டர். தீப்பெட்டில பாதி சைஸ்ல கருப்பு டப்பா, மூணு கால், பக்கத்துலயே டியூப சுத்திப் போற காயிலோட சாக்கெட். அந்தச் சாக்கெட்ட புடுங்கிட்டு டப்பாவ கழட்டி காதுகிட்ட வெச்சு ஆட்டு

அண்ணன்: கலகலங்குது

அண்ணன்: மணி மாதிரி

சின்ன மாமா: கெடைச்சிடுச்சு 👏 உள்ள வில்லை உடைஞ்சு துண்டு குறுக்க விழுந்திருக்கு. ஆன் பண்றப்ப 'தும்ம்'னு ஒரு சத்தம் வரும்ல, அது இதோட வேலை. காயிலுக்கு ஒரு நொடி நிறைய கரண்ட் விட்டு டியூப்ல ஏறியிருக்க காந்தத்த அழிக்கும். அந்தக் கரண்ட்லயே வில்லை சூடாகி, ரெசிஸ்டன்ஸ் ஏறி, தானே அடைச்சிக்கும். ஒவ்வொரு தடவையும் சூடாகி ஆறுறதால ஒருநாள் விரிசல் விடும்

அக்கா: எங்க வீட்டு மிக்ஸிலயும் பட்டுனு சத்தம் வந்து நின்னுடுச்சு மாமா

சின்ன மாமா: அடியில சிவப்பு பட்டன் இருக்கா பாரு. ஓவர்லோடுல வெளிய வந்திருக்கும். ஆறவிட்டு அமுக்கு

அண்ணன்: மாமா இது இல்லாம ஓடுமா?

சின்ன மாமா: ஓடும். மூலைல பச்சை, ஊதாத் திட்டு வரலாம், அவ்ளோதான். ஆனா நேரா பிளக்குல குத்தாத. அதே அளவுல புது ஃபியூஸ் போட்டுட்டு, சீரீஸ் பல்பு போடு. 100 வாட் குண்டு பல்பு, எல்இடி பல்பு இதுக்கு ஆகாது. ஃபேஸ் ஒயர்ல பல்பு நடுவுல வரணும். ஷார்ட் மிச்சமிருந்தா பல்பு முழுசா எரிஞ்சுகிட்டே இருக்கும், டிவிக்கு ஒண்ணும் ஆகாது. பளிச்சுனு ஒரு தடவை எரிஞ்சு மங்கினா நல்லது, கெபாசிட்டர் நிறைஞ்சதுன்னு அர்த்தம்

சித்தி: யாரோட டிவி?

அத்தை: அப்பாவோடது

அண்ணன்: பளிச்னு எரிஞ்சு அணைஞ்சிடுச்சு. சிவப்பு லைட் வந்துடுச்சு!!

பெரியப்பா: 👏👏👏

அண்ணன்: ஆனா பவர் அமுக்கினா டிக் டிக் டிக்னு கேக்குது. பல்பும் விட்டு விட்டு எரியுது

சின்ன மாமா: ஆஃப் பண்ணு. ரெண்டு காரணம் இருக்கலாம். படம் வரணும்னா டிவிக்கே 70, 80 வாட் வேணும், பல்பு குறுக்க நிக்கிறதால வோல்ட் பத்தாம திணறலாம். இல்ல லைன் அவுட்புட் டிரான்சிஸ்டர் போயிருக்கலாம். பிளக்க புடுங்கி, கெபாசிட்டர மறுபடி இறக்கிட்டு, அந்த டிரான்சிஸ்டரோட கலெக்டர் காலுக்கும் எமிட்டர் காலுக்கும் நடுவுல பாரு. பேஸ், எமிட்டர் நடுவுல 40, 50 ஓம் காட்டினா பயப்படாத, உள்ளயே ரெசிஸ்டர் வெச்சிருக்கான்

அண்ணன்: ரெண்டு திசையும் பூஜ்ஜியம் இல்ல. அதுல ஷார்ட் இல்ல

சின்ன மாமா: நல்லது. இப்ப போர்டோட அடிப்பக்கத்த டார்ச் அடிச்சுப் பாரு. எல்ஓடி, அதாவது டியூபுக்கு ஹை வோல்ட் குடுக்கற லைன் அவுட்புட் டிரான்ஸ்ஃபார்மர், அதோட காலைச் சுத்தி ஈயத்துல மெல்லிசா ஒரு வட்டம் தெரியுதா?

அண்ணன்: (படம்) முடி மாதிரி ஒரு வளையம் இருக்கு. கால ஆட்டினா ஆடுது

சின்ன மாமா: டிரை சோல்டர். எல்ஓடி கனம், சூடும் அதிகம், காலப்போக்குல ஈயம் விட்டுடும். பெரியப்பா தட்டுறப்ப தொட்டுக்கிட்டு படம் வந்திருக்கு. அத்தான் நீங்க சொன்னது உண்மைதான், ஆனா இனி தட்டாதீங்க. இந்த மாதிரி விட்டு விட்டு தொட்டாத்தான் லைன் டிரான்சிஸ்டர் சாகும்

பெரியப்பா: நான் அப்பவே சொன்னேன் யாரும் கேக்கல

சின்ன மாமா: பழைய ஈயத்த உறிஞ்சி எடுத்துட்டு புதுசு வை. மேலயே பூசாத. எல்ஓடியோட எல்லாக் காலும், அப்பறம் டிரைவர் டிரான்ஸ்ஃபார்மர் நாலு காலும். அதுக்கப்பறம் 100க்கு பதிலா 200 வாட் பல்பு

அம்மா: அதெல்லாம் ஞாயிறு மாமா வந்து பண்ணட்டும்

அண்ணன்: பசங்க சனிக்கிழமை வராங்கம்மா

சின்ன மாமா: ஈயம் மட்டும் வை மாப்ள. கரண்ட் குடுக்கறத நான் வீடியோ கால்ல இருக்கறப்ப பண்ணலாம். பாசிஸ்டர் காலோட படம் அனுப்பு, அதே வகைல புதுசு பாக்கணும், ரெண்டு கால் வகையும் உண்டு

அக்கா: பட்டன் அமுக்கினேன் ஓடிடுச்சு!!

அத்தை: டிவி சரியாச்சுன்னா யார் வீட்டுக்குப் போகும்?

பெரியப்பா: முதல்ல ஓடட்டும்