வாஸ் + ஐஎன்ஜி எப்போ போடணும்?

கேள்வி: தம்பி இன்டர்வியூக்கு ரெடி ஆகுறான், "ஐ வாஸ் ஒர்க்கிங் இன் கோயம்புத்தூர் ஃபார் த்ரீ இயர்ஸ்"னு சொல்றான், இது ஓகேவா இல்ல "ஐ ஒர்க்ட்"னு சொல்லணுமா?

பதில் 1: முடிஞ்சுபோன வேலை, அதுவும் மூணு வருஷம்னு கணக்கு சொல்றப்ப "ஐ ஒர்க்ட்" தாங்க. வாஸ் ஐஎன்ஜி எதுக்குன்னா ஒரு வேலை பாதில ஓடிட்டு இருக்கப்ப இன்னொன்னு குறுக்க வருமே, அதுக்கு. "ஐ வாஸ் குக்கிங் வென் யூ கால்ட்", சமையல் ஓடிட்டே இருக்கு, போன் டக்குனு வருது. அதையே "வென் யூ கால்ட், ஐ குக்ட்"னு சொன்னா போன் வந்தப்புறம்தான் அடுப்பையே பத்தவச்சீங்கன்னு ஆயிடும்.

பதில் 2: எல்லா வெர்புக்கும் ஐஎன்ஜி ஒட்டாதுங்கறதையும் சொல்லிடுங்க ப்ரோ. "ஐ வாஸ் நோயிங் ஹிம்" வரவே வராது, "ஐ நியூ ஹிம்" தான். "ஐ வாஸ் ஹேவிங் எ பைக்" நம்ம ஊர்ல நிறைய பேர் சொல்றாங்க, "ஐ ஹேட் எ பைக்"னு சொல்லணும். ஆனா "ஐ வாஸ் ஹேவிங் லஞ்ச்" சரி, அங்க ஹேவ்னா சாப்பிடுறது.

கேட்டவர்: சூப்பர்ங்க. அப்போ "சின்ன வயசுல தினமும் கிரவுண்டுக்கு போயிட்டு இருந்தேன்"னா?

பதில் 1: அது பழக்கம், "ஐ யூஸ்ட் டு கோ"னு சொல்லச் சொல்லுங்க.