மறு: நெட்மாஸ்க்: ‘முகமூடி’ வேண்டாம், ‘வரப்பு’ என்போமா?

அன்புள்ள அனைவருக்கும் வணக்கம். எந்த முகவரிகள் நம் வலைக்குள் இருக்கின்றன என்று கணினிக்குச் சொல்லும் எண்ணான நெட்மாஸ்க்குக்கு, நம் மென்பொருள் மொழிபெயர்ப்பில் என்ன தமிழ்ச் சொல் வைப்பது என்ற பேச்சுக்கு என் பதில் இது.

> ‘வலை முகமூடி’ என்றே இருக்கட்டும். சொல்லுக்குச் சொல் சரியாகத்தானே இருக்கிறது?

அங்கேதான் எனக்கு உடன்பாடில்லை, அண்ணா. போன வாரம் இந்த ஒரு சொல்லால் நாங்கள் அரை நாளைத் தொலைத்தோம்.

நான் பார்த்துக்கொள்ளும் ஆய்வகத்தில் ஒரு மாணவி டெபியன் இயங்குதளம் உள்ள கணினியை அமைத்தார். முகவரி 192.168.10.25. இணையம் நன்றாக வந்தது. மாடியில் இருக்கும் அச்சுப்பொறி 192.168.20.7 மட்டும் கிடைக்கவில்லை. பிங் (மறுமுனை பதில் தருகிறதா என்று பார்க்கும் கட்டளை) கொடுத்தால் ‘சேருமிடத்தை எட்ட முடியவில்லை’ என்ற பதில், அதுவும் தன் சொந்த முகவரியிலிருந்தே வந்தது. கேபிளை மாற்றினோம், அச்சுப்பொறியை அணைத்துப் போட்டோம். கடைசியில் பார்த்தால் நெட்மாஸ்க் 255.255.0.0 என்று இருந்தது. 255.255.255.0 என்று இருந்திருக்க வேண்டும். ஏன் கவனிக்கவில்லை என்று கேட்டேன். “முகமூடி என்று போட்டிருந்தது சார், வெளியாட்களுக்கு நம் முகவரி தெரியாமல் மறைக்கிற பாதுகாப்பு ஏற்பாடு என்று நினைத்துத் தொடாமல் விட்டேன்” என்றார். அவர் மேல் எந்தத் தப்பும் இல்லை. அந்தச் சொல்லைப் படிக்கும் யாரும் அப்படித்தான் நினைப்பார்கள்.

நெட்மாஸ்க் யாரிடமிருந்தும் எதையும் மறைப்பதில்லை. ஒரு முகவரி நம் வலைக்குள் இருக்கிறதா, வெளியே இருக்கிறதா என்று கணினி முடிவு செய்ய உதவுகிறது. 255 உள்ள இடங்களை ஒப்பிடும், 0 உள்ள இடங்களை விட்டுவிடும். உள்ளே என்றால் ஏஆர்பி மூலம், அதாவது ‘இந்த முகவரி யாருடையது?’ என்று வலைக்குள் குரல் கொடுத்து, நேரடியாகக் கூப்பிடும். வெளியே என்றால் கேட்வேயிடம், அதாவது வெளி வலைகளுக்கு வழிகாட்டும் ரௌட்டரிடம், கொடுத்துவிடும். 255.255.0.0 என்று வைத்ததால் 192.168 ஒத்துப்போனதுமே அச்சுப்பொறியும் உள்ளேதான் என்று நம்பி, கணினி அதை நேரடியாகக் கூப்பிட்டுக்கொண்டே இருந்தது. அந்தக் குரல் ரௌட்டரைத் தாண்டாது. இணைய முகவரிகள் 192.168 என்று தொடங்காததால் அவை மட்டும் தப்பின.

ஒருவர் வரப்பைத் தள்ளிப் போட்டுவிட்டு, பக்கத்து வயலையும் தன் வயல் என்று நம்புகிறார். நடந்தது அதுதான். ஆகவே நெட்மாஸ்க்குக்கு வலைவரப்பு என்பது என் முன்மொழிவு. 1985இல் ஆர்எஃப்சி 950 என்ற இணையத் தரநிலை ஆவணம் இதை வகுத்ததும், ஒரு நிறுவனம் தனக்குக் கிடைத்த ஒரே பெரிய வலையை உள்ளுக்குள் பிரித்துக்கொள்ளத்தான். வரப்பு போடுவதும் அதற்குத்தானே?

> யூமாஸ்க்கிலும் மாஸ்க் வருகிறது. இரண்டுக்கும் ஒரே சொல் இருந்தால்தானே சீராக இருக்கும்?

நல்ல கேள்வி. ஆனால் இரண்டும் எதிரெதிராக வேலை செய்கின்றன. யூமாஸ்க் என்பது புதிய கோப்புகளுக்கு எந்த அனுமதிகள் கூடாது என்று சொல்லும் எண். அதில் 1 உள்ள பிட் (இரும எண்ணின் ஓர் இலக்கம்) அந்த அனுமதியை நீக்கும். நெட்மாஸ்க்கில் 1 உள்ள பிட் முகவரியின் அந்தப் பகுதியைக் காத்துத் தரும். யூமாஸ்க்குக்கு ‘மறைப்பு’ பொருந்தும், அது அங்கேயே இருக்கட்டும்.

‘வரப்பெண்’ (வரப்பு + எண்) என்று ஒரு தோழர் எழுதியிருந்தார். சுருக்கம்தான், ஆனால் திரையில் ‘வரப் பெண்’ என்று பிரித்துப் படித்துவிடுவார்கள். ஈழத்து நண்பர்கள் வயலிலேயே ‘வரம்பு’ என்றுதான் சொல்வார்கள், எனக்கும் அந்தச் சொல் பிடிக்கும். ஆனால் வட்டு ஒதுக்கீடு, கோப்பின் அளவு எல்லாவற்றுக்கும் உச்ச அளவைக் குறிக்க ‘வரம்பு’ என்று முன்பே போட்டுவிட்டோம். ‘வலை வரம்பு’ என்றால் மாதாந்திர டேட்டா அளவு என்று நினைத்துவிடுவார்கள்.

ஸ்லாஷ் 24 (/24, அதாவது முதல் 24 பிட்டுகளும் 1 ஆக உள்ள 255.255.255.0) என்பதை ‘24 பிட் வரப்பு’ என்று இயல்பாகச் சொல்ல முடிகிறது. ஃப்ரீபிஎஸ்டி இயங்குதளத்தில் வலை அமைப்பைக் காட்டும் இஃப்கான்ஃபிக் கட்டளை இதையே பதினறும எண்ணிலும் காட்டக்கூடியது. அங்கும் பெயர் மாற வேண்டியதில்லை.

மறுப்பு இருந்தால் ஞாயிற்றுக்கிழமைக்குள் எழுதுங்கள், அன்று மொழிபெயர்ப்புக் கோப்பைத் திருத்திவிடுகிறேன். சப்நெட்டுக்கு (பெரிய வலையைப் பிரித்துக் கிடைக்கும் சிறு வலைக்கு) ‘பாத்தி’ என்று ஒரு சொல் மனதில் இருக்கிறது. விவசாயக் குடும்பத்தில் வளர்ந்தவர்கள் சொல்லுங்கள்: வரப்புக்குள் இருப்பதைப் பாத்தி என்பீர்களா, வயல் என்பீர்களா?