ஹெட்ஸ் அப் - தமிழில் என்ன போடலாம்? (வெள்ளிக்கிழமை கெடு)

தேன்கனிக்கோட்டை, மொழிபெயர்ப்பாளர்:
வணக்கம். யானை நடமாட்டத்தை ஊர்க்காரர்களின் கைபேசிக்குச் சொல்லும் செயலி ஒன்றைத் தமிழாக்குகிறோம். ராகி அறுவடைக்குள் முடித்தாக வேண்டும். ஆங்கிலத்தில் மூன்று படி: வார்னிங், அலர்ட், ஹெட்ஸ் அப். முதல் இரண்டையும் எச்சரிக்கை, விழிப்பூட்டல் என்று போட்டாயிற்று. மூன்றாவதில் மாட்டிக்கொண்டோம். பன்னேர்கட்டா பக்கமிருந்து கூட்டம் ஜவளகிரிக்கு வந்திருக்கிறது, உங்கள் ஊருக்கு இன்னும் வரவில்லை, தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள் என்ற அளவுதான். கணினியைக் கேட்டால் ‘தலை மேலே’ என்கிறது!

பாலக்கோடு, தமிழாசிரியர்:
முன்னெச்சரிக்கை. முடிந்தது.

ஓசூர், ஆலைப் பாதுகாப்பு அலுவலர்:
முடியவில்லை ஐயா. ஹெல்மெட் போடுவது, வேலி கட்டுவது இதெல்லாம் முன்னெச்சரிக்கை, நாமே செய்துகொள்வது. ஹெட்ஸ் அப் இன்னொருவருக்குச் சொல்வது. அதிலும் இரண்டு உண்டு. கிரேன் தலைக்கு மேல் வரும்போது கத்துவது ஒன்று; அதற்கு ‘பாத்து!’ போதும். நாளைக்கு ஆடிட் என்று முந்தின நாளே காதைக் கடிப்பது இன்னொன்று. அதில் மிரட்டல் இல்லை, இதைச் செய் என்ற கட்டளையும் இல்லை. இங்கே வேண்டியது அதுதான்.

பாலக்கோடு:
அப்படியானால் எச்சரிக்கையையும் சேர்த்துத் தூக்குங்கள். கன்னடத்தில் எச்சரிகெ, தெலுங்கில் ஹெச்சரிக. வரப்போவதை முன்பே அறிந்து காப்பவரை ‘எதிரதாக் காக்கும் அறிவினார்க்கு’ என்று 429ஆம் குறள் சொல்லும்போது கடன் சொல் எதற்கு? எதிரதாக்குறிப்பு என்று வைக்கலாம்.

ஓசூர்:
தளிப் பக்கம் எத்தனையோ வீடுகளில் பேச்சே கன்னடமும் தெலுங்கும்தான். எச்சரிக்கை அவர்களுக்குச் சட்டென்று புரியும். எதிரதாக்குறிப்பு யானைக்குப் புரிந்தால் உண்டு.

தர்மபுரி, ஓய்வுபெற்ற நூலகர்:
பராக்கு! அரசன் வரும்போது கட்டியக்காரன் ‘பராக், பராக்’ என்பானே, கவனி என்ற பொருளில். இன்று பராக்குப் பார்ப்பது என்றால் கவனமில்லாமல் இருப்பது. இரண்டும் ஒரே சொல்தானா என்பது தனிக் கதை, பிறகு எழுதுகிறேன்.

தேன்கனிக்கோட்டை:
வேண்டாம் ஐயா. பராக்கு என்று செய்தி போனால் பையன்கள் யானை பார்க்கக் கிளம்பிவிடுவார்கள்.

அரூர், கல்லூரி மாணவி:
எங்கள் வீட்டில் ‘சும்மா காதுல போட்டு வைக்கிறேன்’ என்பார்கள். அதுதானே இது?

தர்மபுரி:
அம்மாடி, சபாஷ்! செவியறிவுறூஉ! அரசன் காதில் நல்லதைப் போட்டு வைக்கும் புறநானூற்றுத் துறை, அதாவது பாட்டு வகை. 184ஆம் பாட்டில் பிசிராந்தையார் அறிவுடைநம்பிக்குச் சொல்வதும் இந்தத் துறைதான். அதிலும் யானைதான் பாருங்கள். நெல்லை அறுத்துக் கவளமாகக் கொடுத்தால் சிறு நிலமும் பல நாள் வரும். யானை தானே வயலில் புகுந்தால் வாயில் போவதைவிடக் காலில் அழிவது அதிகம். நம் ராகிக்காரர்களைக் கேளுங்கள், அப்படியே சொல்வார்கள்.

ஓசூர்:
பாட்டு அருமை. ஆனால் அது மன்னனுக்குச் சொன்ன அறிவுரை. நமக்கு அறிவுரை வேண்டாம், சேதி போதும். அப்புறம், அந்த ‘றூஉ’வை எந்த ஊரில் வாசிப்பார்கள்? தங்கச்சி சொன்னது எனக்குப் பிடித்திருக்கிறது, பொத்தானில்தான் இடம் இல்லை.

தேன்கனிக்கோட்டை:
இன்று வெள்ளி. ‘முன்தகவல்’ என்று போட்டு அனுப்பிவிட்டோம். பலரும் சரி என்றீர்கள், மீதிப் பேர் களைத்துவிட்டீர்கள் என்று எடுத்துக்கொள்கிறேன். செய்தியின் முதல் வரி மட்டும் ‘காதில் போட்டு வையுங்கள்’ என்று தொடங்கும்.

பாலக்கோடு:
என் மறுப்பைப் பதிவு செய்யுங்கள். தகவல் தமிழ்தானா என்று ஒருவர்கூடக் கேட்கவில்லையே?